இளம் மீன் பயண நலத் திட்டம்

சால்மன் மீனுக்கு வழிகாட்டிய பெருமை, உலக சரித்திரத்திலேயே எங்கள் பசிபிக் கரை மீன்நல அலுவலகம் ஒன்றுக்குத்தான் உண்டு. அதற்கு முன் பாவம் அந்த மீன், பல்லாயிரம் வருஷங்களாக யாரிடமும் அனுமதி பெறாமல் தானாகவே போய் வந்துகொண்டிருந்தது. ஆற்றுக் கூழாங்கல்லுக்கு அடியில் பிறக்கும். விரல் நீளம் வளர்ந்ததும் கடலுக்கு இறங்கும். நாலு வருஷம் அங்கே தின்று கொழுத்துவிட்டு, பிறந்த தண்ணீரின் வாசனையை மோப்பம் பிடித்தபடி ஆறு ஏறி, வழியில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், பிறந்த இடத்திலேயே முட்டையிட்டுச் செத்துப்போகும். பயணப்படி கேட்டதில்லை. ஓய்வூதியமும் கேட்டதில்லை. இப்படி ஓர் ஊழியரைக் கண்டால் எந்த அலுவலகத்துக்குத்தான் சீர்திருத்தக் கை துறுதுறுக்காது?

முதலில் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். மீன் நின்றுவிட்டது. உடனே மனமிரங்கி, அணை ஓரமாக மீன் ஏறுவதற்குப் படிக்கட்டு கட்டினார்கள். படிக்கட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலியில் வெர்னா. ஏறிப் போகும் மீனை எண்ணுவது அவள் வேலை.

அந்த வசந்தத்தில் அவள் எண்ணியது ஏழு. அதிலும் ஒன்று, ஏறி இறங்கி மறுபடி ஏறிய அதே மீனோ என்று அவளுக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்நூறு தாண்டாவிட்டால் அந்த வருஷம் ஆற்றில் "யாரும்" மீன் பிடிக்கக் கூடாது என்பது விதி. யாரும் என்றால், மேலாற்றில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடிகளான வெர்னாவின் ஜனங்கள்தான். மற்றவர்களுக்குக் கடை இருக்கிறது. முதல் சால்மனை வாட்டி, எல்லோரும் பகிர்ந்து தின்று, முள்ளை ஆற்றிடமே திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவர்கள் வீடுகளில் மீன் அடுப்பேறும். போன வருஷமே அந்த முதல் மீன் விருந்து நடக்கவில்லை. இந்த வருஷமும் இல்லையென்றால், இரண்டாவது வருஷமாக அந்த அடுப்புகளில் மீன் ஏறாது.

வியாழக்கிழமை அவசரக் கூட்டம் கூடியது.

"மீன்களுக்கு ஊக்கம் குறைஞ்சுபோச்சு," என்றார் இயக்குநர் ப்ரூவிட். "படிக்கட்டுக்கு நீல பெயின்ட் அடிச்சுப் பாத்தா என்ன?"

"போன வருஷம் பச்சை அடிச்சோம் சார்," என்றார் உதவியாளர்.

"பாத்தீங்களா, அதான் தப்பு!"

அப்போது வெர்னாவின் போன் அடித்தது. கழிமுகத்திலிருந்து அவள் மாமா எல்மர்.

"ஏ புள்ள, உன் மீனெல்லாம் இங்கதான் கெடக்கு! ஆயிரக்கணக்குல! படகு இறக்குற சரிவுல, நான் அன்னைக்கு லாரியில கொண்டாந்து கொட்டுனேனே, அதே எடத்துல!"

வெர்னாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அணையில் மின்சாரம் எடுக்கச் சுழலும் டர்பைன் விசிறியில் குஞ்சுகள் அடிபடுகின்றனவே என்று உருகி, நாலு வருஷத்துக்கு முன்பு அலுவலகம் "இளம் மீன் பயண நலத் திட்டம்" தொடங்கியது. மேலாற்றில் மீன் முட்டை பொரிக்கும் பண்ணையில் பிறந்த குஞ்சுகள் குளிரூட்டிய டேங்கர் லாரியில் ஏறி, வழியில் ஆற்றை ஒருமுறைகூட மோந்து பார்க்காமல், சொகுசாகக் கடலோரம் போய் இறங்கின. ஓட்டியவர் எல்மர். திட்டத்துக்கு விருதும் கிடைத்தது.

"அங்க என்ன பண்ணுதுங்க மாமா?"

"என்ன பண்ணும்? வழி தெரியாம சுத்திச் சுத்தி வருது. இப்ப ஒரு ஐஸ் லாரி வந்து திரும்பிச்சு பாரு, மொத்தக் கூட்டமும் அது பின்னாடியே கரைக்கு முட்டுது!"

வெர்னா இயக்குநரிடம் திரும்பினாள். "சார், உடனே லாரி அனுப்புங்க. ஏத்திட்டு வந்துரலாம்."

ப்ரூவிட் கோப்பைப் புரட்டினார். "திட்டம் இளம் மீன்களுக்கு மட்டும்தாம்மா. இதுங்களுக்கு வயசு தாண்டிருச்சே."

"அப்ப ஐந்நூறு கணக்குலயாவது சேத்துக்கங்க."

"ஜன்னல்ல தெரியாத மீனை அலுவலகம் மீனாவே எடுத்துக்காதும்மா." அவர் கனிவோடு ஒரு படிவத்தை நகர்த்தினார். "மீன் குறைஞ்சதுக்குக் காரணம்" என்ற தலைப்பின் கீழே மூன்று கட்டங்கள்: கடல்நாய், பறவை, மேலாற்று ஜனங்கள். "எண்ணுனவங்கதான் கையெழுத்துப் போடணும். வழக்கமா மூணாவதுலதான் டிக் போடுவோம். போட்டுட்டா ஆத்துல மீன்பிடியை மூடிரலாம்."

வெர்னா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். நாலாவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் "நம் அலுவலகம்" என்று எழுதி, பெரிதாக டிக் போட்டுக் கையெழுத்திட்டாள்.

ப்ரூவிட் பதறிப்போனார். "என்னம்மா இது! இத்தனை வருஷமா இந்தப் படிவத்துல இப்படி ஒரு கட்டமே கிடையாதே!"

"அதனாலதான் சார், ஆத்துல மீனும் கிடையாது," என்றாள் வெர்னா.