கைபடாத அண்ணாச்சியின் எஞ்சின்

தூத்துக்குடி துறைமுகத்துக்குள் போய்வரும் லாரிக்காரர்களில், தன் வண்டிமேல் ஈ உட்கார்ந்தால் அதனிடம் ஊர் பேர் விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர் கைபடாத அண்ணாச்சிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் மட்டுமே தெரியும். துறைமுக வாசலுக்கு எதிரே லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த எங்களுக்கு அவர் எப்போதும் கைபடாத அண்ணாச்சி.

பாதி ஆயுள் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். இருந்த ஒரே வீட்டை அடமானம் வைத்து, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, புது டிரெய்லர் எடுத்தார். அன்றைக்குப் பிடித்தது கிறுக்கு. சீட்டில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. சித்திரை வெயிலில் அதன்மேல் உட்கார்ந்து ஓட்டிவிட்டு இறங்கினால், கடலில் விழுந்து எழுந்தவர் மாதிரி சொட்டச் சொட்ட நிற்பார். உப்புக்காற்றில் வண்டி துருப்பிடித்துவிடுமாம். வீட்டுக் குடிதண்ணீரைக் கொண்டுவந்து தினமும் குளிப்பாட்டுவார்.

"லாரி குளிச்சது போக எனக்குக் குடிக்க ஒரு செம்பு தருவியளா?" என்று அவர் மனைவி தெருவில் நின்றே கேட்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே எஞ்சின். "கம்பெனிக்காரன் முறுக்குன நட்டு. எவன் கையும் படல, பாத்துக்கிடும்" என்பார். ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் அது எஞ்சினே இல்லை, விற்கப்போனால் விலை போகாது என்பது எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் பலருக்கும் உள்ள நம்பிக்கைதான். அண்ணாச்சிக்கு அது முற்றிப் போயிருந்தது. ஒரு மெக்கானிக் டீ குடித்துக்கொண்டே வண்டியில் சாய்ந்ததற்கு, "கைய எடும்வே!" என்று சண்டைக்குப் போனவர்.

வாரண்டி முடிய இன்னும் சில வாரம் இருக்கும்போது எஞ்சினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. எங்கள் வாசலில் வந்து நின்றால் மேஜைமேல் இருக்கும் டீ கிளாஸ் நடுங்கும்.

"அண்ணாச்சி, ஷோரூமுக்குக் கொண்டு போங்க. வாரண்டி இருக்குல்லா, ஓசியிலேயே சரிபண்ணிக் குடுப்பான்" என்றேன்.

"ஓசியிலேயே தொறப்பான். தொறந்தா தொறந்ததுதானவே?"

"சத்தம் கேக்குல்லா?"

"வாரண்டி இருக்குத வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. கம்பெனிக்காரன் எழுதில்லா குடுத்திருக்கான்!"

மனிதர் வாரண்டியைத் தாயத்து என்று நினைத்திருக்கிறார்! ஆபீஸே சேர்ந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. அவர் கேபினில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வாரண்டி முடிந்த அன்று எங்கள் எல்லோருக்கும் டீயும் பருப்புவடையும் வாங்கித் தந்தார். "ஒருக்கா கூட தொறக்கல, பாத்தியளா!" என்று அவருக்குப் பிடிபடாத பெருமை. அந்த வாரமே, இறக்குமதி மரத்தடி ஏற்றிக்கொண்டு போனபோது, பைபாஸில் உப்பளத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் ஜாமாகி நின்றுவிட்டது.

ஷோரூமுக்கு நானும் கூடப் போனேன். மேனேஜர் மரியாதை தெரிந்தவர்தான். "சத்தம் வந்தப்பவே கொண்டு வந்திருந்தா நாங்களே எல்லாம் பாத்துக் குடுத்திருப்போம் ஐயா. இப்ப தேதி முடிஞ்சிட்டே" என்றார்.

"பொறந்தநாளுக்கு மறுநாள் புள்ளைக்குக் காச்ச வந்தா, ஆஸ்பத்திரியில சேக்க மாட்டாவளா சார்?"

மேனேஜர் ரிமோட்டை எடுத்து ஏசியைக் கூட்டினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கடைசியில் பைபாஸ் ஒர்க்ஷாப்பில் எஞ்சினைத் திறந்தார்கள். ஸ்பானர் பட்டதுமே அண்ணாச்சி ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. "மொதல்ல ஒரு பேரிங்தான் போயிருக்கும் அண்ணாச்சி. அப்பவே நிறுத்தியிருந்தா பொழச்சிருக்கும்" என்றார் மெக்கானிக். இனிப் புது எஞ்சின்தான் வைக்க வேண்டும். அதற்கு அடமானம் வைக்க இன்னொரு வீடு வேண்டும். ஓடாத வண்டிக்குத் தவணை கட்ட முடியுமா? கடன் கொடுத்தவர்கள் வண்டியை எடுத்துப்போக ஆளும் இழுவை லாரியும் அனுப்பினார்கள்.

எஞ்சின் ஓடாத வண்டியில் ஸ்டியரிங் கல்லாகக் கிடக்கும். இழுத்துப் போகும்போது அதைப் பிடித்துத் திருப்ப ஓர் ஆள் பின்வண்டியில் உட்கார வேண்டும். வந்தவர்களை விலக்கிவிட்டு அண்ணாச்சியே ஏறினார். "வேற எவனும் புடிச்சா எங்கயாவது கொண்டு இடிச்சிருவான்" என்றார். தன் வண்டியைத் தானே ஓட்டிப்போய்ப் பறிகொடுக்கிறவரை எப்படித் தனியாக விடுவது? நானும் ஏறிக்கொண்டேன். திருநெல்வேலி ரோட்டில், தவணை கட்டாத வண்டிகளைப் பிடித்து நிறுத்தும் யார்டு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கீறல் விழாமல் கொண்டு சேர்த்தார். சாவியை வாங்கினவரிடம், "இடது கண்ணாடி லேசா ஆடும். பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "வீட்டுல போய் என்னன்னு சொல்ல?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவரைக் கிண்டல் செய்யாமல் எங்கள் ஆபீஸில் ஒரு நாள் போனதில்லை. அவ்வளவும் பிரியம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கியாயிற்று. கண்டக்டர் எங்கள் சீட்டுக்கே வந்துவிட்டார்.

"கொஞ்சம் தூங்கட்டும் சார்" என்றேன்.