மாமனார் &amp; மருமகன்

ஏணி மேல் நின்ற பெயின்டர் "மாமனார்" என்று எழுதி முடித்துவிட்டுக் கீழே குனிந்தார்.

"அடுத்தது என்னங்க?"

அதுதான் மருமகனுக்கும் தெரியவில்லை. கடையின் புது வலைப்பக்கத்தில், கொட்டை எழுத்தில், "மாமனார் &amp; மருமகன் கண்ணாடிக் கடை" என்று இருந்தது. நடுவில் வரவேண்டியது ஒரே ஒரு & குறி. அந்த amp எதற்கு வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது?

"இருங்க, ரெண்டே நிமிஷம்!"

இரண்டு வருடமாக அவர் அந்தக் கடையில் மூக்குக்கண்ணாடி ஃபிரேமுக்குத் திருகு முடுக்குகிறார், "மாப்பிள்ளை, அந்த டப்பாவை எடுங்க" என்றால் எடுக்கிறார். நேற்றுத்தான் மாமனார் வாய் திறந்து, "இனிமே கடை நம்ம ரெண்டு பேர்லயும் இருக்கட்டும்" என்றார். கூடவே ஒரு நிபந்தனை. "முதல்ல கம்ப்யூட்டர்ல பேர் சரியா வரட்டும். அதைப் பார்த்து அப்படியே போர்டு எழுதிக்கலாம்." பெரியவர் மனசு மாறுவதற்குள் தன் பெயர் போர்டில் ஏறிவிட வேண்டுமே என்று மருமகன் தவியாய்த் தவித்தார்.

வலைப்பக்க வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டதும் அவரேதான். போதாக்குறைக்குக் காலையில் உள்ளறைக் கம்ப்யூட்டரிலும் அதே பக்கத்தைத் திறந்து, மாமனாரை உட்காரவைத்துப் பாடம் வேறு எடுத்தார்.

"மாமா, இந்த & குறியை வெறுமனே போட்டா கம்ப்யூட்டர் குழம்பிடும். ஏதோ கட்டளை வருதுன்னு நினைச்சுக்கும். அதனால பின்னாடியே ஏ, எம், பி, ஒரு அரைப்புள்ளி. இது மட்டும் மறக்கவே கூடாது. மறந்தா ஊரே சிரிக்கும்."

"அப்படியா மாப்பிள்ளை!" என்று வாயைப் பிளந்தார் மாமனார். அந்தக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவதோடு சரி, அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு தனி சுகம் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது அந்தச் சுகமெல்லாம் போய், விவரம் தெரிந்த நண்பனுக்கு போன் போட்டார்.

"அட மக்கு! பக்கத்தைக் கையால எழுதினாத்தான்டா அதெல்லாம்" என்றான் நண்பன். "இந்த சாஃப்ட்வேர் தானே அந்த வேலையைப் பார்த்துக்கும். நீயும் சேர்த்து எழுதினா, எழுதினதை அப்படியே காட்டும். குறியை மட்டும் போடு."

அழித்தார். பக்கம் பளிச்சென்று வந்தது. மாமனார் & மருமகன்!

"மாமா, வந்து பாருங்க!"

மாமனார் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், திரையைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "ம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

"என்ன, உங்கப்பா வெறும் 'ம்'மோட நிறுத்திட்டார்?" என்று மனைவியிடம் கேட்டார் மருமகன். அவள் கல்லாவில் உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்பவும் 'ம்'னுதான் சொன்னார்."

"அது சந்தோஷமா, சலிப்பா?"

"இன்னும் நான் கேட்கலை."

வாசலில் பெயின்டர் தன் போனை நீட்டினார். "சார், இதைத்தானே எழுதணும்? இதுல மறுபடியும் ஏதோ வால் முளைச்சிருக்கே?"

ஓடிப்போய்ப் பார்த்தால், &amp;. மருமகன் அதை அழித்தார். திரும்பி வந்தது. சாஃப்ட்வேரை மூடித் திறந்து மறுபடி அழித்தார். தன் மேஜைக் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டு அழித்தார். ஒவ்வொரு தடவையும் பெயர் ஒழுங்காக வந்து, அவர் "அப்பாடா" என்று சாய்வதற்குள், விரட்டிய பூனை போல அது வந்து உட்கார்ந்துகொண்டது.

போன் மணி அடித்தது. பழைய வாடிக்கைக்கார அம்மா.

"ஏம்ப்பா, உங்க நடுவுல ஆம்ப்னு ஒருத்தர் புதுசா சேர்ந்திருக்காரே, அவர் கண் டாக்டரா?"

அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தி போனை வைப்பதற்குள் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே உள்ளே வந்தார். "உங்க பக்கத்தைப் பார்த்தேங்க. ஒரே எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது. பவர் ஏறிடுச்சோ?"

மருமகன் பார்த்தார். "மாமனார் &amp;amp; மருமகன்."

"உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்லைங்க" என்றார் அழாத குறையாக.

இனி இந்தக் குறியின் சங்காத்தமே வேண்டாம் என்று அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, நல்ல தமிழில் "மாமனார் மற்றும் மருமகன்" என்று எழுதினார். குறியே இல்லாத இடத்தில் அந்த amp எதில் போய் ஒட்டும்? பார்க்கலாம் ஒரு கை!

"மாமா, மாத்திட்டேன்! வந்து பாருங்க!"

மாமனார் வந்தார், பார்த்தார், இந்தத் தடவை பெருமூச்சே விட்டார். மாப்பிள்ளையின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

பெயின்டர் பிரஷ்ஷைத் தோய்த்தார். "அப்போ 'மற்றும்'னு எழுதிடட்டுங்களா?"

"எழுதுங்க, எழுதுங்க."

"அதுக்கு அப்புறம் இங்கிலீஷ்ல ஏ, எம், பி. சரிதானே?"

மருமகனுக்குக் குப்பென்று வியர்த்தது. போனைப் பிடுங்கிப் பார்த்தார். "மாமனார் மற்றும் amp; மருமகன்." நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"விடு, எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார் மனைவியிடம். "நான் மாத்தி மாத்திக் காட்டுறேன், உங்கப்பா வாயிலேர்ந்து ஒரு 'சபாஷ்' வரலை. பெருமூச்சு விடுறார். என்னைச் சேர்த்துக்க அவருக்கும் மனசில்லை, இந்தக் கம்ப்யூட்டருக்கும் மனசில்லை."

"ஐயோ, உளறாதீங்க."

"பெயின்டர், 'மாமனார் கண்ணாடிக் கடை'ன்னே எழுதி முடிச்சிடுங்க. என் பேர் வேணாம்." டப்பா எடுத்துக்கொடுத்துக்கொண்டே காலம் போய்விடும் என்று நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

பெயின்டர் ஏணியை விட்டு இறங்கினார். "எதுக்கும் பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேங்க" என்று உள்ளறைக்குப் போனார். கொஞ்ச நேரம் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரியவர் உள்ள கம்ப்யூட்டர் முன்னாடி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்காருங்க. 'மாப்பிள்ளை காலைல எனக்கு அவ்வளவு சொல்லிக்கொடுத்துட்டு, பதட்டத்துல அவரே அந்த ஏ, எம், பி-யை விட்டுட்டு விட்டுட்டு வந்து காட்டுறாரு, பாவம். ஊர் சிரிக்கக் கூடாதேன்னு நான்தான் ஒவ்வொரு தடவையும் சேர்த்து வைக்கிறேன், ஒண்ணு நிக்க மாட்டேங்குதேன்னு ரெண்டாக்கூட போட்டுப் பார்த்தேன், அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே'ங்கறாரு!"