மச்சானின் மலையும் என் மலையும்

இந்த வீட்டில் ஒன்று அந்தப் படம் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். சாப்பாட்டில் கை வைத்தபடியே அறிவித்துவிட்டேன்.

படம் மச்சான் வரைந்தது. என் மனைவியின் ஒரே தம்பி. தலைப்பு 'மலையடிவாரம்'. மேலே காவியில் ஓர் அப்பல், நடுவில் பச்சையாக ஒரு வழிசல், கீழே கறுப்பாக ஓர் இழுப்பு. தூரிகை துடைத்த துணிக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நானோ நில அளவை அலுவலகத்தில் வரைவாளன். என் கோடு மயிரிழை பிசகாது. அப்படிப்பட்டவன் தினமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு ஞாயிற்றுக்கிழமை அவனே வருகிறான். வந்தால் பாராட்ட வேண்டும்.

"இதுல மலை எங்க இருக்கு?" என்றேன் மனைவியிடம்.

"அந்தக் காவி."

"அடிவாரம்?"

"மலைக்கு அடியில."

"அந்தக் கறுப்பு?"

"பாதையா இருக்கும். இல்லன்னா நிழல்."

"வரைஞ்சவனுக்காவது தெரியுமா?"

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. இதே இடத்தை உங்க பாணியில வரைஞ்சு காட்டுங்க. நல்லா இருந்தா தம்பி படத்தை நானே இறக்கிடறேன்."

"தீர்ப்பு யார் சொல்றது?"

"எதிர்வீட்டுத் தையல்காரம்மா."

"சரி, நல்ல காகிதமா வாங்கிட்டு வரேன்."

"காகிதம் எதுக்கு? ஜன்னல் பக்கத்துச் சுவர் முழுக்க உங்களுக்குத்தான்."

அந்தச் சுவர் ஓதம் ஏறிப் பொரிந்து கிடந்தது. வெள்ளையடிக்கச் சொல்லி அவள் கரடியாகக் கத்தியிருக்கிறாள். நான் இடுப்பு வலியைச் சொல்லித் தப்பித்து வந்தேன். ஆனால் இது கலை. மேடு பள்ளமான பரப்பில் கோடு போட எந்த வரைவாளனுக்கும் கை வராது. சுரண்டினேன். பட்டி பூசினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். இரண்டு பூச்சு வெள்ளை அடித்தேன். இடுப்பு வாயே திறக்கவில்லை. வேண்டிய சாமான் எல்லாம் பரணிலேயே, கட்டுப் பிரிக்காமல் இருந்தது. என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு வரைந்தேன். மலைக்குச் சம உயரக் கோடுகள், வளையத்துக்குள் வளையமாக. ஆற்றுக்கு இரட்டைக் கோடு. மரத்துக்குப் புள்ளி வைத்த வட்டம். மூலையில் வடக்கைக் காட்டும் அம்பு. மச்சான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இந்தத் துல்லியம் வராது.

தையல்காரம்மா வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது சட்டைக்கு வெட்டுற அளவா?"

"மலைங்க."

"மலை எங்க இருக்கு?"

"அந்த வளையம் எல்லாமே மலைதான். மேல இருந்து பார்க்கணும்."

"ஏணி வெச்சா?"

"அந்த வட்டமெல்லாம் மரம்."

"நான் பட்டன்னு நினைச்சேன்." அவர் திரும்பி மச்சான் படத்தைப் பார்த்தார். "அதுலயாவது சாயங்காலம் ஆயிட்டதுன்னு தெரியுது."

மனைவி பிரஷ்ஷை எடுத்து என் கையில் கொடுத்தாள். என் மலை, ஆறு, வடக்கு எல்லாம் மூன்றாவது பூச்சில் போய்ச் சேர்ந்தன. கண் கலங்கியது. பெயிண்ட் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். அவன் படம் புதுச் சுவரின் நட்டநடுவில், ஜன்னல் வெளிச்சத்தில் ஜம்மென்று தொங்கியது.

"சுவர் அமைஞ்சாத்தான் படம் எடுபடும், மாமா," என்றான்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரமாதம்டா," என்றேன்.

அவன் போனபின் நான் மூலையில் சுருண்டு கிடந்தேன். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தையல்காரம்மாவுக்கு என்ன தெரியும்? இன்னொரு தடவை வரைங்க. நீங்கதான் ஜெயிப்பீங்க."

எழுந்து உட்கார்ந்தேன். "நிஜமாவா?"

"நிஜமா. படுக்கையறைச் சுவர்ல வரைங்க, அங்கதான் ஓதம் ஜாஸ்தி."