காதில் பஞ்சு, கையில் ரிமோட்

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் செத்துப்போகக் கூடாது. செத்தாலும் பத்தரை மணிவரை ஹைலைட்ஸ் அங்கிளிடம் சொல்லக் கூடாது.

சிட்னியில், பரமட்டாவுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவருடையது. மன்னார்க்காரர். இளவயதில் படிக்கப் போய் வட இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் ஒரு வருடம் இருந்தவராம். அந்த ஊர்க் கால்பந்து அணி நான்காம் பிரிவின் அடியில் கிடக்கிறது. அதன் சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறு காலை ரிவி ஹைலைட்ஸ் தொகுப்பின் கடைசியில் நாற்பது விநாடி காட்டப்படும். ஒரு கோல், ஒரு சறுக்கல், மழையில் நனைந்த ஒரு கொடி. முடிந்தது.

அதற்குள் யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்களோ என்று, காதிரண்டிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் தேவாலயத்துக்குப் பூசைக்கே போவார். பிரசங்கம் கேட்காது. முன்னால் இருப்பவர் எழும்பினால் இவரும் எழும்புவார். ஒருநாள் முன்னால் இருந்தவருக்குத் தொலைபேசி அழைப்பு வர, அவருக்குப் பின்னாலேயே கார் நிறுத்துமிடம் வரை பக்தியோடு போய்விட்டார்.

"சிட்னியில ஆர் அங்கிள் உங்களுக்கு அந்த ஸ்கோரைச் சொல்லப்போகினம்?"

"ஒருத்தன் காணும், பிள்ளை. ஒருத்தன் சொன்னாலே போச்சு."

போன மாதம் ஒரு ஞாயிறு. என் மகன் கவின், பதினைந்து வயது, வயிற்றைப் பிடித்தபடி குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தான். கணவர் வேலையாக மெல்போர்னில். அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

அணியின் வெளிறிய சட்டை, கையில் ரிமோட், காதில் பஞ்சு. கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் அலறினார். "சொல்லாதையுங்கோ பிள்ளை! முகத்திலயே தெரியுது, தோத்திட்டாங்கள்!"

கதவைச் சாத்திவிட்டார்.

தள்ளித் திறந்து, பஞ்சை நானே பிடுங்கி எறிந்தேன். "கவின் விழுந்திட்டான் அங்கிள்!"

ரிவி தன்பாட்டில் ஓட, காரை எடுத்தார். ஆஸ்பத்திரிக் கதிரையில் உட்கார்ந்தபோதுதான் ரிமோட் இன்னும் அவர் கையில் இருப்பதைக் கண்டேன். கவினுக்குக் குடல்வால் வெடித்திருந்தது. உடனே அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் எழும்பி நடந்தேன், இருந்தேன், மறுபடி நடந்தேன். அங்கிளோ மூடிய கதவைப் பார்த்தபடி ரிமோட்டில் வேகமாக ஓட்டும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. வந்த ஆண் நேர்ஸ் வெள்ளைக்காரர். அங்கிளின் சட்டையைக் கண்டதும் நின்றுவிட்டார். தானும் அந்த ஊர்தானாம்! நேற்று நாலுக்குப் பூச்சியம் தோற்றுவிட்டோமே என்று ஆங்கிலத்தில் அனுதாபப்பட்டார்.

இத்தனை வருடப் பஞ்சும் வீண். சிட்னியிலிருந்த அந்த ஒருத்தன் அகப்பட்டே விட்டான்.

"அது கிடக்கட்டும் தம்பி, பெடியன் என்ன மாதிரி?" என்றார் அங்கிள், அந்த வெள்ளைக்காரரிடம், சுத்தத் தமிழில்.

மனிதருக்கு எப்படியோ விளங்கியது. நல்லபடியாக முடிந்தது என்றார். அங்கிள் ரிமோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு விம்மினார்.

மயக்கம் தெளிந்த கவின் அவருடைய சட்டையைப் பார்த்தான். "டிட் வீ வின், அங்கிள்?"

"ஓம் ராசா. வெண்டிட்டம்."

அடுத்த ஞாயிறு, பூசைக்கு முன்பே வேலிக்கு மேலால் அவரிடம் ஒரு புதுப் பஞ்சுப் பைக்கற்றை நீட்டினேன்.