பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு விளக்கம் கேட்கிறார்கள்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் வீட்டுக்காரரின் இருமல் நின்றதா?

விஷயம் இதுதான். உன் மாடி அறையை ஒழித்து வை. மனிதநேய மன்றத்துக்கும் எனக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"சாமி இல்லாத கூட்டத்துல உனக்கென்ன வேலை?" என்று நீ கேட்டபோது உன்னோடு சண்டை போட்டவள்தான் நான். என் பேத்தி அதில் செயலாளர் ஆயிற்றே! ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் கூடுவோம், டீ குடிப்போம், ஒருவருக்கு ஒன்று என்றால் எல்லோரும் ஓடுவோம். மன்ற வேலையாகப் போகும் இடத்தில் பிரார்த்தனை மட்டும் கூடாது. அதற்கு நானும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை, கையெழுத்து. ஐந்தாம் வகுப்பில் நான்தானே முதல் மார்க்கு.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மன்றத்து உறுப்பினர் ஒருவருக்கு, பஸ் டிரைவர் அவர், இதய ஆபரேஷன். மன்றத் தலைவர் ரிட்டயர்டான பௌதிக வாத்தியார். சிரிப்பதற்கும் ஆதாரம் கேட்பார். அவர்தான் பட்டியல் போட்டார். ரத்தம் கொடுக்க இரண்டு பேர், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர், டிரைவர் மனைவியோடு உட்கார நான். இரண்டு மணி நேரம் என்றார்கள், நாலு ஆச்சு, கதவு திறக்கல. ஒரு நர்ஸ் ரத்தப் பையோட உள்ளே ஓடினா, கொஞ்ச நேரத்துல இன்னொரு பையோட மறுபடி ஓடினா. டிரைவர் மனைவி பிடிச்ச பிடியில என் வளையல் வளைஞ்சே போச்சு. "பாட்டி, ஏதாவது சொல்லுங்களேன், இப்படி சும்மா உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சிடும்"னா. என்னத்தைச் சொல்ல? எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சதெல்லாம் சாமி பாட்டு. தொண்டை வரைக்கும் வந்திடுச்சு. பேத்தியை நினைச்சு முழுங்கினேன். மிச்சம் இருந்தது பதினாறாம் வாய்ப்பாடு. கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சேன், அவளும் கூடவே முணுமுணுத்தா, முடிஞ்சதும் மறுபடி முதல்லேர்ந்து.

அந்த நேரம் பார்த்தா தலைவர் வரணும்? பின்னாலேயே பேத்தி.

"என்னம்மா இது? மூடின கண்ணு, அசையற உதடு!"

"வாய்ப்பாடுங்க."

"எந்த வாய்ப்பாடு?"

"பதினாறு."

"எங்கே, சொல்லுங்க பார்ப்போம்."

உள்ளே ஒரு மனுஷன் உயிருக்குப் போராடறான், இவர் எனக்குப் பரீட்சை வைக்கிறார்! ஆறு வரைக்கும் சரியாச் சொன்னேன். ஏழு பதினாறுல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. "பார்த்தியாம்மா?"ன்னு பேத்தி பக்கம் திரும்பினார். அவ தரையைப் பார்த்தா. எனக்கு அதுதான்டி தாங்கல.

டிரைவர் மனைவி எழுந்து நின்னா. "நூத்திப் பன்னெண்டு! போதுமா சார்?"ன்னு ஒரு கத்து. அப்போ கதவு திறந்துச்சு. டாக்டர் முகமூடியைக் கழட்டிட்டு, "பயமில்லை, பொழைச்சுட்டார்"னார்.

எல்லோரும் அழுதோம். தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆனால் துடைத்த கையோடு, "ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல விளக்கம் கொடுத்திடுங்க" என்கிறார். முதல் மார்க்குக்காரி விளக்கம் கொடுப்பாளா? சனிக்கிழமை காலை பஸ் ஏறுகிறேன்.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழட்டும். யார் புண்ணியத்தில் என்று நேரில் வந்து சொல்கிறேன். இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் மனைவிக்கு நாளை காலை ஆபரேஷனாம். உட்காரவில்லை, டீயும் வேண்டாம் என்றார். "அந்தப் பதினாறைக் கொஞ்சம் எழுதித் தர்றீங்களாம்மா?" என்றார். எழுதிக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்டார்: "குளிச்சிட்டுத்தான் சொல்லணுமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீ அறையை ஒழிக்காதே. நாளைக்கு அவரோடு உட்கார என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள்.