கௌரவமான கட்டி

பெனிசிலின் ஊசிக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தவுடன் தியாகராசன் வந்த வழியே திரும்பினார். உட்காரும் இடத்தில் எலுமிச்சம்பழம் பருமனுக்கு ஒரு கட்டி. அடி எடுத்து வைத்தால் உயிர் போய் உயிர் வந்தது. அப்படியும் அவர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறிய வேகத்தைப் பார்த்து, வாசலில் இளநீர் விற்றவன் பாம்புதான் வந்துவிட்டதோ என்று எழுந்து நின்றான்.

பாம்பில்லை. வரிசையில் நின்றவர்களில் நாலைந்து பேர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் போய்த் திரும்பிய சொல்தாக்கள், அதாவது சிப்பாய்கள். சைகோன் போய் வந்தவன் எதற்குப் பெனிசிலின் போட்டுக்கொள்வான் என்று தியாகராசன் தாமாகவே முடிவு செய்து வைத்திருந்தார். கண்ட பெண்களிடம் போய் வாங்கி வரும் மேகவியாதிக்கு. மேரி என்று ஊரார் சொல்லும் நகரசபை ஆபீசின் முதல் குமாஸ்தா அந்தக் கும்பலில் போய் நிற்பதா?

அதுவும் எந்த நேரத்தில்? வருகிற வெள்ளிக்கிழமை அவர் மகள் கல்யாணசுந்தரிக்கு நிச்சயதார்த்தம். நாலு வருஷம் செருப்புத் தேய அலைந்து கிடைத்த இடம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். மாப்பிள்ளையின் அப்பா, அம்பகரத்தூர் சிவசுப்பிரமணியன், ஒழுக்கம் போதாது என்று ஏற்கெனவே மூன்று குடும்பங்களைத் தள்ளியவர். இவர் காதுக்கு ஒரு சொல் எட்டினால் போதும், பெண்ணின் வாழ்க்கை அவ்வளவுதான்.

டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது தினம் ஒன்றாக ஐந்து ஊசி. தியாகராசன் அந்தச் சீட்டோடு கம்பவுண்டர் நாகூர் மீரானை ஆஸ்பத்திரிப் பின்பக்கத்தில் பிடித்தார்.

"பாய், நாளையிலேர்ந்து நீங்க வீட்டுக்கே வந்து போட்டுடுங்க."

நாகூர் மீரான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுக்கா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்காம சொல்லுவேனா? நான் கௌரவமான மனுஷன்."

"சரிங்கய்யா. யார் வீட்டுல யாருக்கு என்னன்னு நான் வெளியில வாயைத் திறக்கறதில்லீங்க. கேட்டா வந்து போடுவேன், அவ்வளவுதான்."

இந்தப் பதிலில் தியாகராசனுக்குப் பரம திருப்தி. தம் மூளையைத் தாமே மெச்சிக்கொண்டு தருமபுரத்தில் இருந்த வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நாகூர் மீரானின் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. ஊசியைக் கொதிக்க வைத்து, குப்பியிலிருந்த பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, குத்தியாயிற்று. அவர் போனதும் எதிர்வீட்டுக் கமலாம்பாள் கோலமாவுக் கிண்ணத்தோடு தெருவைத் தாண்டி வந்தாள்.

"யாருக்கண்ணே உடம்பு? மீரான் பாய் வந்துட்டுப் போறாரே."

கட்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எந்த இடத்தில் என்று அவள் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று இந்த மேதைக்கு வெட்கம்.

"அன்னபூரணிக்குத்தான்" என்று மனைவி பேரைச் சொன்னார்.

"அன்னத்துக்குமா? பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று போய்விட்டாள்.

சாயங்காலம் அன்னபூரணி குடத்தை இறக்கி வைத்த சத்தத்தில் சுவர்ப் பல்லி கீழே விழுந்தது.

"அவகிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க? குளத்தடியில நாலு பேரு என் கையைப் புடிச்சுக்கிட்டு, ஆம்பளைங்க அப்படித்தான், பொறுத்துக்கங்கறாளுவ. நான் எதைங்க பொறுத்துக்கணும்?"

"ஊசி வலியைச் சொல்லியிருப்பாங்க."

"எனக்கு யாரு ஊசி போட்டா?"

தியாகராசன் குப்புறப் படுத்துக்கொண்டார். உட்காரவும் முடியாது, மல்லாந்து படுக்கவும் முடியாது. மனைவியை நேருக்கு நேர் பார்க்காமல் இருக்க அந்தக் கட்டி ஒரு வகையில் உதவியது.

மறுநாள் கமலாம்பாளை அவரே வலியப் போய்ப் பிடித்தார். "நேத்து தப்பாச் சொல்லிட்டேன்மா. ஊசி எங்களுக்கில்லை. மாட்டுக்கு."

கமலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பாவம், சளி பிடித்திருக்கிறது போலும் என்று தியாகராசன் நினைத்தார். இவரைத்தான் மேரியில் முதல் குமாஸ்தாவாக வைத்திருந்தார்கள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? செவ்வாய்க்கிழமை கம்பவுண்டரை நேரே மாட்டுத் தொழுவத்துக்கு அழைத்துப் போனார். மாட்டின் முதுகைப் பிடித்துக் குனிந்து நின்று அங்கேயே மூன்றாவது ஊசியைப் போட்டுக்கொண்டார். ஊசி இறங்கியதும் அவர் கூச்சலோடு துள்ளித் திரும்ப, மாடு மிரண்டு பின்னங்காலை வீசியது. உதை சரியாக அந்த இடத்தில் விழுந்தது.

கட்டி உடைந்தது. சீழெல்லாம் போய் வலி சட்டென்று அடங்கிவிட்டது. சாணியில் கிடந்தபடியே தியாகராசன் சிரித்தார்.

"பாய், குணமாயிடுச்சு. இனிமே வராதீங்க."

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்குங்கய்யா. டாக்டர் எழுதினது அஞ்சு."

"வலியே இல்லைங்கறேன்."

நாகூர் மீரான் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். ஒரு நாள் முழுக்கத் தியாகராசன் ராஜா மாதிரி உட்கார்ந்து பார்த்தார். வியாழக்கிழமை விடிந்தபோது உடம்பு அனலாய்க் கொதித்தது. எலுமிச்சம்பழம் இருந்த இடத்தில் தேங்காய் உட்கார்ந்திருந்தது. பின்வாசல் வழியாக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து டாக்டரிடம் நடந்ததை ஒப்பித்தார்.

"தொழுவத்துலயா?" என்று டாக்டர் இரண்டு தரம் கேட்டார். அப்புறம் திட்டத் தொடங்கினார். "மருந்து ஒரே நாள்ல எல்லாக் கிருமியையும் கொல்லாது ஐயா. பெருகவிடாம அடிச்சுப் போடும். மீதியை உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளணு தின்னு தீர்க்கணும். சீழ்னு அருவருப்பாப் பாக்கறீங்களே, அதுல பாதி உங்களுக்காகச் செத்த வெள்ளணுவோட பொணம். அதுங்க அத்தனை பாடுபட்டிருக்கு, நீங்க மூணு ஊசியோட நிறுத்திட்டு வர்றீங்க. செத்ததெல்லாம் நோஞ்சான் கிருமி. தப்பிச்ச தடியனுங்களைச் சாணி போட்டு வளர்த்திருக்கீங்க."

"இப்ப என்ன டாக்டர் பண்றது?"

"முதல்லேர்ந்து அஞ்சு. இன்னிக்கு ஒண்ணு நானே போட்டுடறேன். நாளைக்குத் தவறிச்சோ, விஷம் ரத்தத்துல பரவி ஆளே போயிடுவீங்க. மரியாதையா வரிசையில வந்து நில்லுங்க."

"மானம் போயிடும் டாக்டர்."

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நாளைக்குத்தான் நிச்சயதார்த்தம். தியாகராசன் உட்காராமலே கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை எட்டரைக்குக் கமலாம்பாள் கோவிலுக்குப் போய்விடுவாள். சம்பந்தி வரும் பஸ் ஒன்பதே முக்காலுக்கு. நடுவில் கம்பவுண்டர் வந்து போய்விட்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. நாகூர் மீரானுக்கு மறுபடி ஆள் போயிற்று.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு அவர் உள்ளறையில் குப்புறக் கிடந்தார். ஊசி பாதி இறங்கியிருந்தபோது அன்னபூரணி பட்டுப் புடவையோடு கதவருகே வந்து நின்றாள்.

"சம்பந்தி வந்தாருங்க. முந்தின பஸ்ஸுலயே."

"உட்காரச் சொல்லு. இதோ வந்துட்டேன்."

"வந்தாரு, போயிட்டாரு." அவள் மூக்கைச் சிந்தினாள். "வாசப்படி ஏறல. தெருவுலயே நின்னு சைக்கிளைப் பாத்தாரு. இது மீரான் பாயோடதுதானேன்னு தெருவுல போன ஒருத்தன்கிட்ட கேட்டாரு. அவன் தலையாட்டினான். தாம்பாளத்தைத் திரும்பப் பையில வச்சுக்கிட்டு, எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்மான்னுட்டு நடையைக் கட்டிட்டாரு."

கூடத்தில் கல்யாணசுந்தரி வளையல்களைக் கழற்றும் சத்தம் கேட்டது. தியாகராசன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவருக்காக இரக்கப்பட எனக்கு மனசில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

"பாய், நீங்களே சொல்லுங்க" என்று அவர் விசும்பினார். "அந்த வரிசையில நின்னா ஊரு மேகவியாதின்னு பேசும்னுதானே உங்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். என் மேல என்ன தப்பு?"

நாகூர் மீரான் குத்திய இடத்தைப் பஞ்சால் நிதானமாகத் துடைத்தார்.

"வரிசையில நிக்கிறவங்கல்லாம் கட்டி, சிரங்கு, முள்ளுக் குத்தினவங்கய்யா, மேகவியாதிக்காரங்கதான் மானத்துக்குப் பயந்து என்னை வீட்டுக்கு வரச் சொல்லுவாங்க, அது இந்த ஊருக்கும் தெரியும், அம்பகரத்தூருக்கும் தெரியும்."