புது டிஸ்க்கும் சந்தனப் பொட்டும்

சோம்பேறித்தனத்துக்குக் கெட்டித்தனம் எண்டு பேர் வைச்சுக்கொண்டு திரிஞ்ச ஆள் நான். கம்பஸ் முடிச்ச சூட்டோடை யாழ்ப்பாண டவுனிலை ஒரு டியூட்டரியிலை வேலை. முதலாளி சிங்கப்பூரிலையிருந்து இறக்கின கொம்பியூட்டரைத் தொட உரிமை உள்ள ஒரே மனிசன் எண்டு எனக்குப் பெரிய எடுப்பு. (தொடத் தெரிஞ்ச மனிசன் எண்டு நான் சொல்லேல்லை.)

எங்கடை அக்கா, கோப்பாய்க் கிணறுகளிலை உப்புத்தண்ணி ஏறுறதைப் பற்றி ஒரு ஆய்வு எழுதினவ. சைக்கிளிலை வளவு வளவாய்ப் போய், வாளி விட்டு அள்ளிப் பாத்து எழுதினது. லண்டனிலை படிக்க இடம் கேட்டு அதை அனுப்ப வேணும். அடுத்த நாள் தபாலிலை போகாட்டில் அந்த வருசம் இல்லை. பின்னேரங்களிலை வந்து அந்த மெசினிலை தானே தட்டி, முதலாளியின்ரை பிளொப்பி டிஸ்க்கிலை பதிஞ்சு வைச்சிருந்தா. முதலாளியோ, "தம்பி, என்ரை டிஸ்க்கைத் துடைச்சு இண்டைக்கே தாரும்" எண்டு நிண்டார்.

நான் புது டிஸ்க் ஒண்டு வாங்கினன். புதுச் சாமானைக் கோயிலிலை வைச்சுப் பொட்டு வைக்காமல் பாவிப்பமோ? வைச்சன்.

"டேய், உதிலை ஒரு திறந்த இடம் இருக்கு. அதுக்குள்ளை சந்தனம் பட்டிட்டுதோ?" எண்டு அக்கா கேட்டா.

"சும்மா இருங்கோ அக்கா. பிள்ளையார் பாப்பார்."

ஒவ்வொரு கட்டளையாய்த் தட்டிப்போட்டுக் காவல் இருக்க எனக்கென்ன விசரே? மூண்டையும் வரிசையாய் எழுதி விட்டன்: பழைய டிஸ்க்கிலை இருக்கிறதைப் புதுசுக்குப் பிரதி எடு, புதுசிலையிருந்து அச்சடி, பழசைத் துடை. ஒண்டு முடிய மற்றது தானாய் ஓடும். மெசின் இடையிலை நிண்டு கேள்வி கேக்கும். அதுக்கும் மருந்து வைச்சன். எது கேட்டாலும் 'ஓம்' எண்டு மறுமொழியையும் முன்கூட்டியே எழுதிப்போட்டன்.

"பக்கத்திலை நிக்கத் தேவையில்லையோ?"

"அக்கா, உது கொம்பியூட்டர். மாடு இல்லை. வாங்கோ, பிளேன்ரீ குடிப்பம்."

வடை திண்டு, லண்டன் குளிருக்கு என்ன உடுக்கிறது எண்டு கதைச்சுப்போட்டு வந்தம். அச்சு மெசினிலை வெறும் வெள்ளைத் தாள். திரையிலை கொம்பியூட்டரும் நானும் எங்களுக்குள்ளை கதைச்ச கதை கிடந்தது:

புது டிஸ்க்கிலை எழுத ஏலாமல் கிடக்கு, விட்டிட்டு மேலை போகட்டோ? ஓம்.

அச்சடிக்க ஒண்டுமில்லை, மேலை போகட்டோ? ஓம்.

பழைய டிஸ்க்கிலை இருக்கிற எல்லாத்தையும் அழிக்கட்டோ? ஓம்.

மூண்டாவது மட்டும் வடிவாய் நடந்திருந்தது. புது டிஸ்க்கை வெளியாலை இழுத்தன். கோயில் மாதிரி மணத்தது.

"நல்லாய்த் துடைச்சிருக்கிறீர் தம்பி" எண்டார் முதலாளி. (மனிசன் பகிடிக்குச் சொல்லேல்லை.)

அக்கா கத்தியிருந்தால் தாங்கியிருப்பன். திரையை வாசிச்சிட்டு, "ஒருக்காலாவது இல்லை எண்டு சொல்லியிருக்கலாமேடா" எண்டா. சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிட்டா.

முழுக்கத் திரும்ப எழுதினா. அதுக்குள்ளை தவணை முடிஞ்சுது. அடுத்த வருசம் கேக்க, இடமில்லை எண்டிட்டினம். இப்ப சாவகச்சேரியிலை பூமிசாத்திரம் படிப்பிக்கிறா. அந்தப் பிள்ளையள் குடுத்துவைச்சதுகள் எண்டு அம்மா சொல்லுவா. எனக்கு அந்த ஆறுதல் தொண்டையாலை இறங்கிறேல்லை.

போன கிழமையும் சாப்பிட இருந்தன். அம்மா சட்டியும் அகப்பையுமாய் வந்து, "தம்பி, உனக்கு..." எண்டு தொடங்கினா.

"ஓம்" எண்டன்.

"பொறுங்கோ அம்மா," எண்டா அக்கா. "முதலிலை கேள்வியைக் கேட்டு முடியுங்கோ. இவன்ரை ஓமை நம்பினால் சட்டியையும் துடைச்சுப்போடுவியள்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். அக்காவும் சிரிச்சா. அவ சிரிக்கிறதைத்தான் என்னாலை பாக்க ஏலாமல் கிடக்கு.